காற்றை அளந்த சீமான் மகன்

சைக்கிள் பம்பின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு பிடியை அழுத்திப் பாருங்கள். முதலில் சுலபமாக உள்ளே போகும். பாதி தூரம் போனதும் கை கடுக்கும். இன்னும் அழுத்தினால் பிடி திமிறும். கையை விட்டால் துள்ளிக்கொண்டு வெளியே வரும்.

உள்ளே இருப்பது என்ன? வெறும் காற்றுதான். கண்ணுக்குத் தெரியாத அந்தக் காற்றுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு சுருங்கும்? இதற்கு ஒரு கணக்கு உண்டா?

உண்டு. அந்தக் கணக்கை அளந்து, அட்டவணை போட்டு, 1662ஆம் ஆண்டில் புத்தகத்தில் அச்சிட்டவர் ஒருவர். அவர் பெரிய சீமான் வீட்டுப் பிள்ளை. பேசினால் நாக்கு திக்கும். உடம்பு நோஞ்சான். கண் பார்வையும் மங்கல். அவர் பெயர் ராபர்ட் பாயில்.

14ஆவது குழந்தை

அயர்லாந்து நாட்டில் லிஸ்மோர் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள கோட்டையில் 1627ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் தேதி பாயில் பிறந்தார்.

தகப்பனார் ரிச்சர்ட் பாயில். அவர் பிறவிப் பணக்காரர் அல்ல. வாலிப வயதில், கையில் சொற்பப் பணத்தோடு, இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக்குப் பிழைக்கப் போனவர். நிலம் வாங்கினார். மேலும் நிலம் வாங்கினார். கடைசியில் கார்க் பிரபு என்ற பட்டமும், அந்த நாட்டிலேயே பெரும் பணக்காரர் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தன. நேர்வழியில் சம்பாதித்தாரா என்பதைப் பற்றி அந்தக் காலத்திலேயே பேச்சு இருந்தது.

அவருக்குக் குழந்தைகள் 15 பேர். ராபர்ட் 14ஆவது குழந்தை. ஆண் பிள்ளைகளில் ஏழாவது.

செல்வக் குழந்தைகளைச் சொகுசாக வளர்க்கக் கூடாது என்பது தகப்பனாரின் எண்ணம். அதனால் குழந்தை பிறந்ததும் ஒரு கிராமத்துச் செவிலித்தாயிடம் கொடுத்துவிட்டார். கோட்டையில் பிறந்த குழந்தை குடிசையில் வளர்ந்தது. ராபர்ட்டுக்கு மூன்று வயது நடந்தபோது பெற்ற தாய் இறந்துபோனாள். தாயின் முகம் அவருக்கு நினைவில் தங்கவே இல்லை. அந்த ஏக்கத்தைப் பிற்காலத்தில் எழுதியும் வைத்தார்.

சின்ன வயதில் திக்கிப் பேசும் குழந்தைகளைப் பார்த்து அவரும் வேடிக்கையாகத் திக்கிக் காட்டினாராம். விளையாட்டு வினையாயிற்று. நாக்கில் திக்கு ஒட்டிக்கொண்டது. சாகும் வரை போகவில்லை.

மனத்துக்குக் கடிவாளம்

எட்டு வயதில் இங்கிலாந்திலுள்ள ஈட்டன் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். தமையன் பிரான்சிசும் கூடப் போனார்.

அங்கே அவருக்கு ஒரு தடவை உடம்புக்கு வந்தது. மருந்துக் கடைக்காரர் தவறான மருந்தைக் கொடுத்துவிட்டார். அதைக் குடித்துவிட்டுப் பையன் குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தான். வாந்தி எடுத்ததே நல்லதாயிற்று, பிழைத்தான். அன்று முதல் நோயைவிட வைத்தியரைக் கண்டுதான் அவருக்குப் பயம் அதிகம்!

இன்னொரு நோய்க்குப் பிறகு, பொழுதுபோக வீரக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். பையன் அவற்றில் மூழ்கிவிட்டான். அதன் பிறகு பாடத்தில் மனம் நிற்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கற்பனைக் குதிரையில் ஏறி ஊர் சுற்றினான்.

அலையும் மனத்தை எப்படி அடக்குவது? அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வர்க்கமூலம், கனமூலம் காணும் கணக்குகளைப் போட ஆரம்பித்தார். அல்ஜீப்ராவின் நீண்ட கணக்குகளை எடுத்துக்கொண்டார். அந்தக் கணக்குகளில் ஒரு விநாடி கவனம் தப்பினாலும் முழுக்கணக்கும் தப்பிவிடும். ஆகவே மனம் ஓட முடியாது. கணக்கு அவருக்கு மருந்தாகப் பயன்பட்டது. இந்த மருந்து வாந்தி எடுக்கவும் வைக்கவில்லை.

அந்நிய ஊரில் பணமில்லை

1639ஆம் ஆண்டில் அண்ணன் தம்பி இருவரையும், ஓர் ஆசிரியரின் துணையோடு, தகப்பனார் வெளிநாடு அனுப்பினார். பிரான்சு, ஸ்விட்சர்லாந்து, இத்தாலி என்று பயணம் போயிற்று. 1642ஆம் ஆண்டு ஜனவரியில், அவர்கள் பிளாரன்ஸ் நகரத்தில் இருந்தபோது, அந்த ஊருக்கு அருகில் மேதை கலிலியோ காலமானார். ராபர்ட்டுக்கு அப்போது வயது 15 ஆகிக்கொண்டிருந்தது. கலிலியோவின் நூல்களை அவர் அங்கே படித்தார்.

அதற்குள் அயர்லாந்தில் கலகம் மூண்டுவிட்டது. கார்க் பிரபுவின் நிலங்கள் பாழாயின. பிள்ளைகளுக்கு 250 பவுன் அனுப்பினார். அது வந்து சேரவே இல்லை. பிரான்சிஸ் மட்டும் ஊருக்குத் திரும்பினார். நோஞ்சானான ராபர்ட் ஆசிரியருடன் ஜெனீவாவில் தங்கினார். அந்நாட்டின் மாபெரும் பணக்காரரின் மகன், கடன் வாங்கிக் காலம் தள்ளினார்!

1643ஆம் ஆண்டில் தகப்பனார் இறந்துபோனார். மறு ஆண்டு, ஆசிரியர் கடனுக்குச் சில நகைகளை வாங்கிக் கொடுத்தார். அவற்றை விற்றுத்தான் ராபர்ட் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். இங்கிலாந்திலும் அப்போது உள்நாட்டுப் போர். எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் லண்டனில் திகைத்தார். அங்கே தற்செயலாகத் தம் தமக்கை காதரினைச் சந்தித்தார். தம்பியைவிடக் காதரின் 12 வயது மூத்தவள். ரானலா பிரபுவின் மனைவி, கணவனைப் பிரிந்து வாழ்ந்தவள், நன்கு கற்றவள். தாயில்லாத தம்பிக்கு அவள்தான் தாயானாள்.

உடைந்து வந்த அடுப்பு

ஸ்டால்பிரிட்ஜ் என்ற கிராமத்தில் தகப்பனார் ராபர்ட்டுக்கு ஒரு பண்ணை வீட்டை எழுதி வைத்திருந்தார். ராபர்ட் அங்கே குடியேறினார். ரசாயன ஆராய்ச்சியில் ஆசை பிறந்தது. அதற்கு அடுப்பு வேண்டுமே! 1647ஆம் ஆண்டில் ஒரு மண் அடுப்பை வரவழைத்தார். வழியில் வண்டி குலுங்கிய குலுக்கலில் அது தூள்தூளாக உடைந்து வந்தது.

வேறு யாராவது என்றால் விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை. இன்னொரு அடுப்பு வந்தது. ஆராய்ச்சியும் தொடங்கியது.

சில ஆண்டுகளுக்குப் பின் ஆக்ஸ்போர்டு நகருக்கு வந்தார். அங்கே ஒரு மருந்துக் கடைக்காரரின் வீட்டில் குடியிருந்தார். மருந்துக் கடைக்காரர் என்றாலே நடுங்கிய பையன் வளர்ந்து அங்கேயே குடியேறினான் பாருங்கள்! ரசாயனப் பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்ததுதான் காரணம்.

காற்றில்லாத குடம்

அந்தக் காலத்தில் ஜெர்மனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. மாக்டபர்க் நகரத்தில் ஆட்டோ வான் கெரிக் என்பவர் ஒரு பம்பு செய்திருக்கிறார். இரண்டு செப்பு அரைக்கோளங்களைச் சேர்த்து வைத்து, உள்ளேயிருந்த காற்றை அந்தப் பம்பினால் வெளியே இழுத்துவிட்டார். பிறகு இரண்டு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுத்தார்கள். கோளங்கள் பிரியவில்லை!

பாயிலுக்கு ஆவல் பொங்கியது. அதைவிட நல்ல பம்பு ஒன்று வேண்டும் என்று நினைத்தார். அவரிடம் ராபர்ட் ஹூக் என்ற வாலிபர் உதவியாளராக இருந்தார். ஏழைப் பாதிரியார் ஒருவரின் மகன். அபாரமான கைத்திறன் உள்ளவர். ஹூக்தான் அந்தப் பம்பைச் செய்து கொடுத்தார். பணம் பாயிலுடையது, கை ஹூக்குடையது. இதை மறந்துவிட்டுப் பாயிலின் புகழைப் பேசுவது நியாயம் ஆகாது.

பம்பின் தலையில் பெரிய கண்ணாடிக் குடம் இருந்தது. அதற்குள் எதையாவது வைத்துக் காற்றை இழுத்துவிடலாம். உள்ளே நடப்பதை வெளியே நின்று பார்க்கலாம். மெழுகுவத்தியை வைத்தார்கள், அணைந்தது. அரைகுறையாக ஊதிக் கட்டிய ஆட்டுக்குட்டியின் மூத்திரப்பையை வைத்தார்கள். சுற்றியிருந்த காற்றை இழுக்க இழுக்க அந்தப் பை தானாகவே உப்பியது! ஒரு பறவையை வைத்தார்கள்; அது துடித்தது. கூட இருந்த பெண்கள் பதறிப்போனார்கள். பாயில் அவசரமாகக் காற்றை உள்ளே விட வேண்டியதாயிற்று. பறவை பிழைத்தது. மற்றப் பிராணிகளுக்கு எல்லாம் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இப்படி 43 பரிசோதனைகள். அவற்றை எழுதி 1660ஆம் ஆண்டில் புத்தகமாக வெளியிட்டார். காற்று, கம்பிச்சுருள் போன்றது என்றார். அல்லது ஆட்டு ரோமக் குவியல் போன்றது. அழுத்தினால் சுருங்கும், விட்டால் விரியும். நம் தலைக்கு மேலுள்ள காற்றின் பாரம் கீழேயுள்ள காற்றை அழுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் கீழ்க்காற்று எப்போதும் திமிறிக்கொண்டு இருக்கிறது. இதுவே அவர் சொன்னது.

கண்ணுக்குத் தெரியாத கயிறு

இதைப் பிரான்சிஸ் லைனஸ் என்ற பாதிரியார் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கணிதம் கற்பித்த பேராசிரியர், சாமானியர் அல்ல.

சண்டை எதில் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மூடிய நீண்ட கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்புங்கள். அதைப் பாதரசக் கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்துங்கள். குழாயிலுள்ள பாதரசம் கொஞ்சம் இறங்கும். ஆனால் முழுவதும் கொட்டிவிடாது. ஏறக்குறைய 29, 30 அங்குல உயரத்தில் நின்றுவிடும். எது அதைத் தாங்கி நிற்கிறது?

கிண்ணத்தை வெளியிலிருந்து அழுத்தும் காற்று என்றார் பாயில். காற்றாவது, கனமான பாதரசத்தைத் தாங்குவதாவது என்றார் லைனஸ். குழாயின் உச்சியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிறு பாதரசத்தை இழுத்துப் பிடித்திருக்கிறது என்பது அவர் வாதம். குழாயின் மேல்வாயை விரலால் மூடிப் பாருங்கள். விரலை உள்ளே இழுப்பது தெரிகிறதே, அதுதான் கயிறு என்றார். காற்றுக்குக் கொஞ்சம் திமிறல் இருக்கலாம். 29 அங்குலப் பாதரசத்தைத் தாங்கும் அளவுக்குக் கிடையாது என்றும் சொன்னார்.

வாயால் மறுத்தால் வாயால் பதில் வரும். வாதம் வளரும், முடியாது. பாயில் அளந்து காட்ட முடிவு செய்தார்.

மாடிப்படியில் பாதரசம்

ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயைக் கொண்டிபோல் அடியில் வளைத்தார்கள். ஒரு கை குட்டை. அதன் நுனி மூடியது. மறு கை மிக நெட்டை. அதன் நுனி திறந்தது. நெட்டைக் கையில் பாதரசத்தை ஊற்றினால், அது வளைவைக் கடந்து குட்டைக் கையில் ஏறும். அங்கே அடைபட்ட காற்று தப்ப வழியில்லாமல் சுருங்கும்.

முதலில் செய்த குழாய் உடைந்துபோனது. பாதரசமும் போயிற்று. மறுபடி ஒரு குழாய் செய்தார்கள். அது அறைக்குள் நிற்காத உயரம். மாடிப்படியில் கொண்டுபோய்க் கயிற்றால் தொங்கவிட்டார்கள். குழாய் உடைந்தாலும் பாதரசம் வீணாகாதபடி அடியில் ஒரு மரப்பெட்டியை வைத்தார்கள். பட்டபின் வந்த புத்தி!

குழாய்களின் மேல் அங்குலக் கோடு போட்ட காகிதத்தை ஒட்டினார்கள். மேல்படியில் நின்று ஒருவர் பாதரசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். கீழே உட்கார்ந்து இன்னொருவர் காற்று எவ்வளவு சுருங்கியது என்று பார்த்தார். ஊற்று, நிறுத்து, பார், எழுது. இதுதான் வேலை.

குட்டைக் கையில் இருந்த காற்றின் நீளம் 12 அங்குலம். அதைக் கால் அங்குலம் கால் அங்குலமாக 48 பங்கு ஆக்கினார்கள். ஆரம்பத்தில் அந்தக் காற்றின்மேல் வெளிக்காற்றின் அழுத்தம் மட்டுமே இருந்தது. அது 29 அங்குலப் பாதரசத்துக்குச் சமம்.

அட்டவணை சொன்ன சேதி

பாயில் வெளியிட்ட அட்டவணையில் 25 வரிகள். அவற்றில் நான்கை மட்டும், சில்லறைப் பின்னங்களைத் தள்ளிவிட்டு, இங்கே பார்க்கலாம்.

அழுத்தம் 29 அங்குலம்; காற்று 48 பங்கு.
அழுத்தம் 59 அங்குலம். காற்று 24 பங்கு.
அழுத்தம் 88 அங்குலம். காற்று 16 பங்கு.
அழுத்தம் 117½ அங்குலம். காற்று 12 பங்கு.

அழுத்தம் கூடக் கூடக் காற்று குறைகிறது. இது எல்லாருக்கும் தெரியும். பம்பை அழுத்தும் சிறுவனுக்கும் தெரியும். விஷயம் அதுவல்ல. எப்படிக் குறைகிறது என்பதே விஷயம்.

ஒவ்வொரு வரியிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவுதான் கூடியிருக்கிறது: 29, 30 அங்குலம். முதல் தடவை கூட்டியபோது 24 பங்கு காற்று சுருங்கிவிட்டது. மிச்சம் 24. அப்படியானால் இரண்டாம் தடவை அதே அளவு கூட்டினால் என்ன ஆகவேண்டும்? மிச்சமுள்ள 24 பங்கும் போய்க் காற்றே இல்லாமல் ஆகவேண்டும் என்று அவசரக்காரர்கள் சொல்வார்கள்.

அப்படி ஆகவில்லை. இரண்டாம் தடவை 8 பங்குதான் சுருங்கியது. மூன்றாம் தடவை 4 பங்குதான். காற்று விட்டுக்கொடுக்கிறது, ஆனால் வரவரக் குறைவாக விட்டுக்கொடுக்கிறது. பம்பு அழுத்தும் கை முதலில் கடுக்காமல் பிறகு கடுப்பது இதனால்தான்.

இப்போது ஒவ்வொரு வரியிலும் உள்ள இரண்டு எண்களையும் பெருக்கிப் பாருங்கள். 29ஐ 48ஆல் பெருக்கினால் 1,392. 59ஐ 24ஆல் பெருக்கினால் 1,416. 88ஐ 16ஆல் பெருக்கினால் 1,408. 117½ஐ 12ஆல் பெருக்கினால் 1,410. நான்கும் 1,400ஐச் சுற்றியே நிற்கின்றன! கையால் ஊற்றி, கண்ணால் பார்த்து, காகித அளவுகோலில் எடுத்த கணக்கு இது. இவ்வளவு நெருங்கி வந்ததே அதிசயம்.

அழுத்தம் இரண்டு மடங்கானால் காற்று பாதி. மூன்று மடங்கானால் மூன்றில் ஒரு பங்கு. நான்கு மடங்கானால் கால் பங்கு. பெருக்கி வந்த தொகை மட்டும் மாறுவதே இல்லை. இரண்டு அளவுகள் இப்படி நடந்துகொண்டால் அவை எதிர் விகிதத்தில் இருக்கின்றன என்று பெயர். அழுத்தத்தை 'அ' என்றும், காற்று அடைக்கும் இடத்தைக் 'க' என்றும் வைத்துக்கொண்டால், அ × க = மாறாத எண். பாயில் விதி என்று பள்ளிக்கூடத்தில் படிப்பது இந்த ஒரு வரியைத்தான். ஒரு நிபந்தனை உண்டு. காற்றின் சூடு மாறக் கூடாது. காற்று கசிந்து வெளியேறவும் கூடாது.

கிணறும் குதிரும்

இதே கணக்கு கிணற்றடியிலும் இருக்கிறது. ஆறு ஆட்கள் பத்து நாளில் ஒரு கிணறு வெட்டுகிறார்கள். மொத்தம் 60 ஆள்கூலி. ஆள் 12 ஆனால் நாள் 5. ஆள் 3 ஆனால் நாள் 20. ஆளையும் நாளையும் பெருக்கினால் எப்போதும் 60. இது எதிர் விகிதம்.

ஆனால் ஒன்று கூடி ஒன்று குறைந்தால் போதும், எதிர் விகிதம்தான் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். குதிரில் 30 படி அரிசி இருக்கிறது. நாளுக்கு ஒரு படி செலவு. நாள் கூடுகிறது, அரிசி குறைகிறது. ஐந்தாம் நாள் மிச்சம் 25 படி. பத்தாம் நாள் மிச்சம் 20 படி. நாள் இரண்டு மடங்காயிற்று. அரிசி பாதியாயிற்றா? இல்லையே! இங்கே மாறாமல் நிற்பது கூட்டல் தொகை. பெருக்கல் தொகை அல்ல. முப்பதாம் நாள் குதிர் காலி.

காற்று அப்படிக் காலியாகாது. எந்த எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் 1,400 வராது அல்லவா? எவ்வளவு அழுத்தினாலும் காற்று கொஞ்சமாவது மிஞ்சி நின்றே தீரும்.

கணக்குப்படி 60 ஆட்கள் ஒரே நாளில் கிணற்றை வெட்டிவிட வேண்டும். ஆனால் 60 பேர் கிணற்றுக்குள் நிற்க இடம் ஏது? காற்றிலும் இதே சங்கடம் உண்டு. மிக மிக அதிகமாக நெருக்கினால் பாயில் விதி கொஞ்சம் பிசகுகிறது. பிற்கால விஞ்ஞானிகள் இதையும் அளந்து கண்டார்கள். சாதாரண அழுத்தத்தில் விதி பிசகுவதில்லை.

லைனஸ் என்ன ஆனார்? 29 அங்குலப் பாதரசத்தைக் காற்று தாங்காது என்றார் அவர். மாடிப்படிக் குழாயில் அடைபட்ட காற்றோ, வெளிக்காற்றின் பாரத்தைத் தாங்கியதோடு, அதற்கு மேல் 88 அங்குலப் பாதரசத்தையும் தாங்கிக் காட்டியது! கயிறு தேவைப்படவில்லை. 1662ஆம் ஆண்டில் பாயில் தம் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் அட்டவணையைச் சேர்த்து வெளியிட்டார். காற்றை அழுத்தாமல் விரியவிட்டால் என்ன ஆகும் என்று இன்னோர் அட்டவணையும் அதில் இருந்தது. அங்கேயும் அதே பெருக்கல்தான் வந்தது. தம் விதியைக் கண்டதற்கு லைனஸ் பாதிரியாருக்கு அவர் நன்றிதான் சொல்லவேண்டும். மறுப்பு இல்லாவிட்டால் அந்த மாடிப்படி வேலையே நடந்திராது.

புகழில் பங்கு

எண்களை எடுத்தபோது அவற்றுக்குள் இருந்த விதியைப் பாயில் முதலில் எழுதி வைக்கவில்லை. ரிச்சர்ட் டவுன்லி என்பவர், அழுத்தமும் இடமும் எதிர் விகிதத்தில் இருக்கலாம் என்ற யோசனையைச் சொன்னார். டவுன்லியும் ஹென்றி பவர் என்ற வைத்தியரும் பெண்டில் என்ற குன்றின் மேல் ஏறிக் காற்றை ஆராய்ந்தவர்கள். பாயில் இதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. டவுன்லியின் பெயரைத் தம் புத்தகத்திலேயே அச்சிட்டார். ஆனாலும் ஊர் விதிக்குப் பாயில் பெயரைத்தான் வைத்தது. பிரான்சில் மாரியட் என்ற பாதிரியார் 1670களில் இதையே தனியாக எழுதினார். அந்த நாட்டில் இன்றும் அது மாரியட் விதி.

நெடுங்காலத்துக்கு முன் மாடிப்படியில் எடுத்த அளவு இன்றும் வேலை செய்கிறது. கடலில் 10 மீட்டர் ஆழத்துக்குப் போனால் அழுத்தம் இரண்டு மடங்காகும். மேலே ஆறு லிட்டர் காற்று அடைத்த பலூன் அங்கே மூன்று லிட்டராகும். 20 மீட்டரில் இரண்டு லிட்டர். 30 மீட்டரில் ஒன்றரை லிட்டர். மேலே வரும்போது இதே கணக்கு தலைகீழாக நடக்கும். கடலுக்கடியில் காற்றுப் பெட்டியிலிருந்து சுவாசிப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான். நுரையீரலில் அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும்.

தமக்கையின் வீட்டில்

1660ஆம் ஆண்டில் லண்டனில் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானச் சங்கம் தொடங்கியது. அதைத் தொடங்கிய 12 பேரில் பாயிலும் ஒருவர். 1661ஆம் ஆண்டில் ரசாயனத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது ரசவாதத்துக்கும் ரசாயனத்துக்கும் இடையே வரம்பு கட்டியது என்பார்கள். ஆனால் ஈயத்தைப் பொன்னாக்கும் ஆசை அவரையே கடைசி வரை விடவில்லை!

1668ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டை விட்டு லண்டனுக்கு வந்தார். தமக்கை காதரின் வீட்டிலேயே தங்கினார். அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடமும் அமைத்துக்கொண்டார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. 1670ஆம் ஆண்டில் பக்கவாதம் தாக்கியது. மெள்ள மெள்ளத் தேறினார். கண் மங்கியதால் தாமே எழுத முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுத ஆட்கள் இருந்தார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகிகளில் ஒருவராகவும் அவர் சில ஆண்டுகள் இருந்தார். சென்னையில் ஜார்ஜ் கோட்டையை வைத்திருந்த அதே கம்பெனிதான்.

1680ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டியின் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பதவியேற்கச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அது தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்று வேண்டாம் என்றுவிட்டார்.

விஞ்ஞானம் என்றாவது சாதிக்க வேண்டியவை என்று அவர் எழுதிவைத்த பட்டியல் ஒன்று அவருடைய காகிதங்களில் இருந்தது. மனிதன் பறக்க வேண்டும். ஆயுள் நீள வேண்டும். கடலில் கப்பல் எந்த இடத்தில் இருக்கிறது என்று திட்டமாக அறிய வேண்டும். கண்ணாடியை உலோகம்போல் வளைக்க வேண்டும். இப்படி 24 ஆசைகள். அவற்றில் பல நிறைவேறிவிட்டன.

தமக்கையும் தம்பியும் ஒரே வீட்டில் 23 ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அவர் எழுதியவற்றைக் காதரின் படிப்பாள். அவருடைய ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து பார்ப்பாள். அறிஞர்கள் அவளையும் தேடி வந்தார்கள். 1691ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி காதரின் இறந்தாள். அந்தப் பிரிவைத் தம்பியால் தாங்க முடியவில்லை. ஏறக்குறைய ஒரு வாரத்தில், அந்த மாதம் முடிவதற்குள், அவரும் கண்ணை மூடினார். வயது 64.

லண்டனில் செயின்ட் மார்ட்டின் மாதாகோயிலில், தமக்கையின் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அடுத்த நூற்றாண்டில் அந்தக் கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். அப்போது கல்லறைகள் இடம் மாறின. பாயிலின் சமாதி எங்கே என்று இன்று யாருக்கும் தெரியாது.